ஒன்றுக்குப் பிறகு பத்து

குரல் செய்தி வந்தபோது பல் மருத்துவர் ஒஸ்மாரின் அறையில் துளைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த மார்லூசியா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிரே நாற்காலிகளில் கன்னம் வீங்கியவர்களும் வீங்காதவர்களும் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"டோனா மார்லூசியா, நான் க்ளோவிஸ், சிறைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு கேள்வி, சிரிக்காதீங்க. நீங்க மின்னூலா செஞ்சு கொடுத்த அந்த உப்புக்கண்ட முதலாளி மக கதையில, புருஷன் மொதல்ல செத்துட்டு அப்புறமா வந்து கல்யாணம் பண்ணிக்கிறானா? எங்க அதெனில்சன் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கான். இவன் புத்தகத்தைத் தொடவே இல்ல, யாரோ சொன்ன கதையை வெச்சு உளறியிருக்கான்னு சரிபார்க்கிற குழுவுல சொல்றாங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கூடுறாங்க. மோசடின்னு எழுதிட்டா, இதுவரைக்கும் அவன் படிச்ச எல்லாத்தையும் திரும்பத் தோண்டுவாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வெளிய போக வேண்டியவன், போக முடியாது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சிறைக்குள் ஒரு புத்தகம் படித்து, படித்ததை எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நாலு நாள் கழியும். அதெனில்சன் அப்படிப் படித்துப் படித்தே வெள்ளிக்கிழமைவரை வந்திருந்தான்.

மார்லூசியா அந்த நாவலின் கோப்பைத் திறந்தாள். பொருளடக்கத்தைத் தொடவில்லை. பக்கம் திருப்பும் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போனாள். முதல் அத்தியாயத்தில் பதினாறு வயதுக் கிளெமென்சியா ஆற்றங்கரையில் அண்ணனின் குதிரையைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறாள். அத்தியாயம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் அவள் கறுப்புச் சால்வை போர்த்தி, கணவன் பொனிஃபாசியோவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

வரிசை அவளுக்கு மனப்பாடம். இன்னும் திருப்பினாள். ஒன்றுக்குப் பிறகு பத்து. பத்துக்குப் பிறகு பதினொன்று. பத்தொன்பது முடிந்ததும் இரண்டு. இரண்டுக்குப் பிறகு இருபது.

ஏன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்து 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தாள். 01, 02 என்று பூச்சியம் சேர்த்துப் பெயரிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகப் பார்த்து, ஒன்றில் தொடங்குவதையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். பொருளடக்கத்தை மட்டும் அவள் கையால் எழுதியிருந்தாள், அது சரியாக இருந்தது. சோதித்தபோது பொருளடக்கத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் அத்தியாயமாகப் போய்ப் பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்தது. சிறையில் இருப்பவை யாரோ தானம் கொடுத்த பழைய கருவிகள். அவற்றில் தொடுதிரை கிடையாது, முன்னும் பின்னும் போக இரண்டே பொத்தான்கள்.

பெலோட்டாஸ் ஊரில் மார்லூசியாவைப் பல் வலிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். மின்னூல் உலகத்தில் அவளை வேறு சிலருக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரங்காடிக் குலுக்கலில் அவளுக்கு ஒரு வாசிப்புக் கருவி பரிசாக விழுந்தது. காசில்லாமல் கிடைக்கிற பழைய நாவல்களை இறக்கினாள். முதல் நாவலில் காதலன் காதலியின் கையைப் பற்றி, "உன்னை நான் 114 பொது நூலகம் எடுத்துச் செல்லக் கூடாது" என்றான். பழைய தாளை இயந்திரம் படித்தபோது பக்க எண்ணும் முத்திரையும் காதலுக்குள் புகுந்திருந்தன. அடுத்த நாவலில் வரிகள் பாதியில் ஒடிந்து கிடந்தன. இன்னொன்றில் மொத்தப் புத்தகமும் பத்தி பிரியாமல் ஒரே கட்டியாக இருந்தது. இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காகக் குப்பையைக் கொடுப்பதா என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு 'சுத்தப் பக்கம்' என்ற தன்னார்வக் குழுவில் போய்ச் சேர்ந்தாள். நோயாளிக்கும் நோயாளிக்கும் இடைப்பட்ட நேரத்தில் வரி வரியாகத் துடைத்தாள். அவள் செய்த புத்தகத்தில் ஒரு பத்தி கோணலாக இருக்கிறது என்று யாராவது எழுதினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

குழுவில் ஒரு விதி உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் உண்மையான கருவியில் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும். இந்த நாவலுக்கு அது நடக்கவில்லை. க்ளோவிஸ் அவசரமாகக் கேட்டார், திருப்பிப் பார்க்க வேண்டியவர் கார்னிவல் விடுமுறையில் இருந்தார், இத்தனை புத்தகம் செய்தவளுக்கு இன்னொரு கண் எதற்கு என்று அவளே வெளியிட்டுவிட்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு, எங்கும் எழுதி வைக்காத பழக்கம். தப்பு தெரிந்தால் அந்த நிமிஷமே திருத்தி, பழையதன் மேலேயே புதியதை ஏற்றிவிடுவார்கள். யாருக்கும் தெரியக் கூடாது.

மார்லூசியாவின் விரல்கள் பழக்கப்படியே ஓடின. பூச்சியங்களைச் சேர்த்தாள். வரிசையைச் சரிசெய்தாள். சேமித்தாள், ஏற்றினாள். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். கிளெமென்சியா முறையாகக் காதலித்து, முறையாகக் கல்யாணம் செய்து, முறையாக விதவையானாள். ஆறிப்போன மாத்தே இலைத் தேநீரில் வெந்நீர் ஊற்றி ஒரு மடக்கு உறிஞ்சினாள்.

குழுவை நடத்தும் வால்டெமாருக்கு ஒரு வரி அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார்.

"பாத்தேன் பாத்தேன். நல்ல வேலை. சேமிப்புல பழைய பிரதி ஒண்ணு இருந்துச்சு, அதையும் தூக்கிட்டேன். உங்க கம்ப்யூட்டர்ல?"

"அதே ஃபைல் மேலதான் சேமிச்சேன்."

"அப்ப எங்கயும் இல்ல. நடக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க."

பிறகு அவள் க்ளோவிஸைக் கூப்பிட்டாள். "வாத்தியாரே, தப்பு என்னோடது. அத்தியாயமெல்லாம் இடம் மாறியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இப்ப நீங்க பாத்தா..."

"என்ன பண்ணிட்டீங்க?"

"சரி பண்ணி ஏத்திட்டேன்."

"டோனா மார்லூசியா, சரிபார்க்கிற குழுத் தலைவி புத்தகத்தைக் காட்டுன்னு கேட்டாங்க. இப்பத்தான் உங்க தளத்துலேர்ந்து புதுசா இறக்கி ஒரு கருவியில ஏத்திக் கொடுத்தேன். அவங்க திருப்பிப் பாத்துட்டாங்க. எல்லாம் ஒழுங்கா வரிசையா இருக்கு. இதைப் படிச்சவன் இப்படி எழுதவே முடியாது, விஷயம் முடிஞ்சதுன்னுட்டாங்க."

"அவன் படிச்ச கருவி? அதுல பழசு இருக்குமே?"

"அவன் எழுதிக் கொடுத்த அன்னிக்கே அழிச்சுட்டு அடுத்த புத்தகத்தை ஏத்திட்டேன். அதுல எடம் பத்தாதும்மா."

இயந்திரத்தின் ஓசை நின்றிருந்தது. மார்லூசியா திரையைப் பார்த்தாள். எந்தக் குறையும் இல்லாத, பார்க்கப் பார்க்க அழகான கோப்பு. அதெனில்சன் பொய்யன் என்பதற்கு அதுதான் இப்போது சாட்சி.

அவள் எழுந்து மருத்துவரின் அறைக் கதவைத் தட்டினாள். டாக்டர் ஒஸ்மார் கையுறையோடு திரும்பினார்.

"டாக்டர், நான் கெளம்பணும். சிறைக்கு."

"யாரைக் கொன்னே?"

"புத்தகத்துல பக்கத்தைக் கலைச்சுட்டேன்."

"அடேங்கப்பா. பக்கம் கலைஞ்சதுல யாருக்குப் பல்லு போச்சு?"

"ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை போகப்போகுது, டாக்டர்."

விவரம் கேட்ட பிறகு அவர் முணுமுணுத்தார். "வெளிய இருக்கிறவங்களுக்கு நீயே பதில் சொல்லிட்டுப் போ." கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் வாயைத் திறக்காமலே சொன்னாள்: "போங்கம்மா, இந்தப் பல்லு எங்கயும் ஓடிடாது."

க்ளோவிஸ் தன் பழைய காரில் வந்து ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மழை. மடிக்கணினியை மார்லூசியா நெஞ்சோடு அணைத்திருந்தாள். சிறைக் குழுவின் முன்னால் அதே கோப்புகளை அதே தவறோடு அடுக்கிக் காட்டுவது அவள் திட்டம்.

"அதெனில்சன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். 

"டயர் பஞ்சர் ஒட்டிட்டிருந்தவன். பேச்சு கம்மி. படிக்கிறதுன்னா விடாம படிப்பான். போன வாரம் என்கிட்ட வந்து, 'வாத்தியாரே, செத்தவன் காலையில காப்பி குடிக்க வர்றான், இது சரியா?'ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பெரிய எழுத்தாளருங்க அப்படித்தான் எழுதுவாங்க'ன்னேன்."

"நீங்க புத்தகத்தைத் திறந்து பாக்கலையா?"

"நீங்க பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டார் க்ளோவிஸ்.

வாசலில் காவலர் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டார். கைப்பேசியையும்தான். "உள்ள போகாதும்மா. எதுவும் போகாது." அவளிடம் மிஞ்சியது அடையாள அட்டை மட்டுமே.

வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள். குழுத் தலைவி நோர்மா, ஓய்வு பெற்ற மொழியாசிரியை. பக்கத்தில் சிறையின் சமூகப் பணியாளர் ரெஜானி. நடுவில் க்ளோவிஸ் காலையில் ஏற்றிக் கொடுத்த கருவி. சாம்பல் நிறம், ஓரத்தில் ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக். அப்படிப்பட்ட பழைய கருவியை மார்லூசியா கையில் எடுத்ததே இல்லை.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுப்போன பூச்சியம், தட்டிக்கழித்த விதி, காலையில் செய்த திருத்தம்.

ரெஜானி பேனாவைக் கீழே வைத்தாள். "அதாவது, பழைய புத்தகம் தப்பா இருந்துச்சு. ஆனா அது உங்ககிட்டயும் இல்ல, தளத்துலயும் இல்ல, கருவியிலயும் இல்ல."

"இல்லைங்க."

"நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க, தெரியுது. ஆனா இரக்கப்பட்டு வந்து இப்படிச் சொல்றவங்களை நான் நெறைய பாத்திருக்கேன்."

"இரக்கம் இல்லம்மா. அவரை எனக்குத் தெரியாது."

"வாத்தியாருக்குத் தெரியுமே. வர்ற வழியில அரை மணி நேரம் ஒண்ணாத்தானே வந்தீங்க?"

க்ளோவிஸின் காது சிவந்தது. நோர்மா கையை உயர்த்தி அவரை அடக்கினாள். ஒரு வெள்ளைத்தாளை மார்லூசியாவின் பக்கம் தள்ளினாள். "தப்பான வரிசை எப்படி இருந்திருக்கும்னு எழுதுங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி."

எழுதிக் கொடுத்தாள். அதெனில்சனைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயதிருக்கும், குட்டையான, தோள் அகன்ற மனிதன். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். இந்த அம்மாள்தான் புத்தகத்தைச் செய்தவர் என்று நோர்மா சொன்னபோது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"கதையைச் சொல்லு. நீ படிச்ச மாதிரியே."

சொன்னான். குதிரை, அடுத்து சவ ஊர்வலம். விதவை கடனுக்குப் பயந்து உப்புக்கண்டக் கொட்டகையை விற்கிறாள், கப்பலேறுகிறாள். அப்புறம் திடீரென்று பொனிஃபாசியோ முதல்முறையாக வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, சர்க்கரை போதவில்லை என்கிறான். நோர்மாவின் விரல் தாளில் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"ஒத்துப்போகுது," என்றாள்.

"போகும்தான்," என்றாள் ரெஜானி. "ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தவர் ஒருத்தரா இருந்தா ஒத்துப்போகும்."

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

நோர்மா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தியாயத்துக்கு நம்பர் இருந்திருந்தா இவனே கண்டுபிடிச்சிருப்பானே? ஒண்ணுக்கு அப்புறம் பத்துன்னா யாருக்கும் தெரியுமே. ஏன் நம்பர் இல்ல?"

"மூலப் புத்தகத்துல இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்." மார்லூசியாவின் குரல் இறங்கியது. "சின்னத் திரையில நம்பர் அசிங்கமா தெரியும்னு. அதுக்குப் பதிலா தலைப்புல ஒரு பூ வெச்சேன்."

"அந்தப் பூவா?" என்றான் அதெனில்சன். யாரும் கேட்காமலே அவன் பேசியது அதுதான் முதல்முறை. "அதுல ஒரு இதழ் வெட்டுப்பட்டிருக்கும். வலது பக்கம்."

"இல்லைங்க," என்றாள் மார்லூசியா. "முழுப் பூ. அஞ்சு இதழ்."

"வெட்டுப்பட்டிருக்கும்மா. ஒவ்வொரு தலைப்புலயும் பாத்திருக்கேன். ஒரு எடத்துல மட்டும் முழுசா இருக்கும், புருஷனைப் புதைக்கிற எடத்துல. சாவு வீட்டுக்கு மட்டும் முழுப் பூ வெச்சிருக்காங்க போலன்னு நெனச்சேன்."

ரெஜானி மார்லூசியாவைப் பார்த்தாள். "அப்படியா?"

"எனக்குத் தெரியாது." பொய் சொல்ல அவளுக்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. "என் கம்ப்யூட்டர்ல எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. இந்தக் கருவியில நான் பாத்ததே இல்ல."

நோர்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கருவியை எடுத்தாள். முதல் பூ. திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். வலப்பக்க இதழின் நுனி கத்தியால் சீவியதுபோல நின்றிருந்தது. பொத்தானை அழுத்தினாள். பழைய கருவி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை கறுத்து வெளுத்தது. இரண்டாவது பூவும் வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாவதும் அப்படியே. கருவியில் பக்கங்களைத் தாண்டிப் போக வழியில்லை. நோர்மா அழுத்திக்கொண்டே இருந்தாள், ரெஜானி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். அதெனில்சன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். க்ளோவிஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மார்லூசியாவுக்கு நினைவு வந்தது. பூவின் அளவை முதலில் ஓர் அத்தியாயத்தில்தான் முயன்று பார்த்தாள், அப்புறம் மற்றவற்றுக்கு மட்டும் ஒரு துளி பெரிதாக்கினாள், இந்தச் சின்னத் திரையில் அது அடங்கவில்லை போலும். முதலில் முயன்ற அந்த அத்தியாயம் எது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கிளெமென்சியாவுக்குக் கல்யாணம் ஆனது. வீடு கட்டினார்கள். பொனிஃபாசியோவுக்குக் காய்ச்சல் வந்தது. நோர்மா பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது, வெளுத்தது.

பூ முழுசாக இருந்தது.

ரெஜானி கருவியை வாங்கித் தானே ஒரு தடவை முன்னும் பின்னும் போய்ப் பார்த்தாள். "இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது," என்றாள் கடைசியில். "செஞ்சவங்களுக்கே தெரியலையே." அவளே முதலில் கையெழுத்துப் போட்டாள். நோர்மா அதற்குக் கீழே போட்டாள்.

அதெனில்சன் எழுந்து மார்லூசியாவின் பக்கம் திரும்பினான். "அப்போ நான் படிச்ச புத்தகம் இப்ப எங்கயுமே இல்லையா?"

"இல்லைங்க. நான் அழிச்சுட்டேன். என்னை மன்னிக்கணும்."

"என் மூளைதான் கழண்டுபோச்சுன்னு நெனச்சேன். திரும்பத் திரும்பப் பின்னாடி போய்ப் படிச்சேன், கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க." கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தான். "மன்னிப்புக் கேட்டீங்க, சரி. மன்னிச்சுட்டேன்னு சொல்ல இப்ப வாய் வரல. இன்னொரு நாள் வரலாம்." காவலரோடு போய்விட்டான்.

மார்லூசியா கிளம்ப எழுந்தபோது நோர்மா கேட்டாள்: "அந்தத் தப்பான ஃபைல் எவ்வளவு நாளா உங்க தளத்துல கெடந்துச்சு?"

"கார்னிவலுக்கு முன்னாடியிலேர்ந்து."

"நம்ம சிறை மட்டும்தான் எடுத்துச்சா?"

மார்லூசியாவுக்குத் தெரியாது. யார் எடுத்தார்கள் என்ற கணக்கே தளத்தில் கிடையாது. எடுப்பவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் சுத்தப் பக்கத்தின் பெருமைகளில் ஒன்று.

காரில் ஏறியதும் வால்டெமாரைக் கூப்பிட்டாள். தளத்தின் முகப்பிலேயே அறிவிப்புப் போட வேண்டும் என்றாள்.

"முகப்புலயா? எதுக்கும்மா ஊரெல்லாம் தமுக்கடிக்கணும்? இத்தனை வருஷமா சேர்த்த பேரு."

"அந்தப் பேரை நம்பித்தான் ஒருத்தரைப் பொய்யன்னு சொன்னாங்க. வேற எத்தனை பேரோ."

"யாரும் கேக்கலையே!"

"கேக்கத் தெரியாது வால்டெமார். தன் மேலதான் தப்புன்னு நெனச்சுட்டிருப்பாங்க. என் பேரையே போடுங்க. இல்லேன்னா நானே போடறேன், கடவுச்சொல் என்கிட்டயும் இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். வேண்டாம் என்று மட்டும் மறுபடி சொல்லவில்லை.

மருத்துவமனையில் கன்னம் வீங்கிய அம்மாள் போயிருந்தாள், வேறு வீங்கிய கன்னங்கள் வந்திருந்தன. மேசையில் உட்கார்ந்து எழுதினாள்: கார்னிவலுக்கு முன்பிருந்து இன்று காலைவரை இந்த நாவலை இறக்கியவர்கள் கவனிக்கவும், அதில் அத்தியாயங்கள் இடம் மாறியிருந்தன, படித்தவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை, செய்தவள் மார்லூசியா பெஸாஞ்ஞா. கீழே கைப்பேசி எண்ணையும் போட்டாள். ஏற்றினாள்.

முதலில் ரெசிஃபேயிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் எழுதினார். அவருக்கு அந்த வரிசைதான் பிடித்திருந்ததாம், சரியான கதை சப்பென்று இருக்கிறதாம். டாக்டர் ஒஸ்மார் எட்டிப் பார்த்து, "கைதட்டல் வேறயா?" என்றார்.

மூடும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. வடக்குப் பக்கத்து எண். ஒரு பெண்ணின் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"சுத்தப் பக்கமா? நான் இங்க ஒரு சிறைப் பள்ளியில டீச்சர். உங்க அறிவிப்பைப் பாத்தேன்... அந்தக் கதையில, விதவையானதுக்கு அப்புறம் கல்யாணம் வருதே, அதுவா?"

"அதேதான்மா."

"ஐயோ." அந்தக் குரல் உடைந்தது. "நான் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேனே. ஒருத்தனை எல்லார் முன்னாடியும் திட்டினேன்."

மார்லூசியா பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க குழு எப்பக் கூடுது, சொல்லுங்க," என்றாள். "அவங்க படிச்ச மாதிரிக் கருவி ஒண்ணுல புத்தகத்தை ஏத்தி முன்னாடி வெச்சுக்குங்க. அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, தலைப்புல இருக்கிற பூவைப் பத்திக் கேளுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."